கடைசி இடம் பிடித்த பாட்டு

பாட்டு வாத்தியார் பதில்கள்

(அரசுப் பள்ளியில் 31 வருடம் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், திருவையாற்றிலிருந்து வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அப்பாயி நடவு வயலில் பாடும் பாட்டு ஒன்றை அப்படியே பாடுவாள். பள்ளிப் பாட்டுப் போட்டிக்கும் அதைத்தான் பாடுவேன் என்கிறாள். டீச்சரோ, "இங்கிலீஷ் பாட்டு பாடு, இல்லாவிட்டால் ஹிட்டான சினிமாப் பாட்டு பாடு. இதைப் பாடினால் கடைசியில்தான் நிற்பாய்" என்கிறாராம். வெளிநாட்டில் பிள்ளைகளுக்கென்றே ஒரு பாட்டுப் போட்டி நடப்பதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். அங்கே எல்லாரும் இங்கிலீஷில்தான் பாடுகிறார்களா?
– ஒரு தாய், நன்னிலம்

பதில்: அம்மா, டீச்சர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கடைசியில் நிற்க நேரலாம். அப்படி நின்ற ஒரு பாட்டின் கதையையே சொல்கிறேன்.

நான் எழுதிய போட்டிக்கு ஜூனியர் யூரோவிஷன் என்று பெயர். ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டிதான் யூரோவிஷன். பெரியவர்களுடையது 1956-லிருந்து நடக்கிறது. பிள்ளைகளுக்கானது 2003-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தொடங்கியது. முதல் வருடம் 16 நாடுகள் வந்தன. ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு. புதுப் பாட்டாக இருக்க வேண்டும், மூன்று நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது. முதன்மைக் குரல் அங்கேயே பாட வேண்டும், வாயசைப்பு செல்லாது. இதெல்லாம் பெரியவர்கள் போட்டியிலும் கிட்டத்தட்ட இப்படித்தான். மொழி விஷயத்தில்தான் வித்தியாசம். பெரியவர்கள் எந்த மொழியில் வேண்டுமானாலும் பாடிக்கொள்ளலாம். பிள்ளைகளின் பாட்டில் குறைந்தது 60 சதவீதம் சொந்த நாட்டு மொழியில் இருந்தாக வேண்டும்.

இந்த ஒரு விதி என்ன செய்திருக்கிறது பாருங்கள். அயர்லாந்து பெரியவர்கள் போட்டியில் ஏழு தடவை ஜெயித்த நாடு. ஏழும் இங்கிலீஷ் பாட்டு. அவர்களுடைய ஐரிஷ் மொழி அந்த மேடையில் ஒலித்தது ஒரே ஒரு வருடம், 1972-ல். ஆனால் பிள்ளைகள் போட்டிக்கு 2015-ல் அயர்லாந்து வந்தபோது, அனுப்பியது டி.ஜி.4 என்ற ஐரிஷ் மொழித் தொலைக்காட்சி. பெரியவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த மொழியைப் பிள்ளைகள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போது கடைசி இடத்துக்கு வருகிறேன். அது பிரிட்டனில் ஒரு பகுதியான வேல்ஸ். வெல்ஷ் அங்கத்திய சொந்த மொழி. என் தங்கை மகன் அங்கே கார்டிஃப் ஊரில் டாக்டராக இருக்கிறான். அவன் பெண்ணை வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்த்திருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது, "இங்கிலாந்து பக்கத்துக்குப் போயும் இங்கிலீஷ் மீடியம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டவன்தான் நான். 2021 கணக்கெடுப்புப்படி வேல்ஸில் வெல்ஷ் தெரிந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர். நம் திருவாரூர் மாவட்டத்து ஜனத்தொகையில் பாதிகூட வராது. அவ்வளவு பேருக்கு ஒரு தனித் தொலைக்காட்சி இருக்கிறது. அது சும்மா கிடைக்கவில்லை. வெல்ஷ் மொழிக்குத் தனிச் சேனல் தருவதாகச் சொல்லிவிட்டு பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் அரசாங்கம் பின்வாங்கியபோது, கிவின்வோர் எவன்ஸ் என்ற தலைவர், சொன்னதைச் செய்யாவிட்டால் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று 1980-ல் அறிவித்தார். உட்காருவதற்கு முன்பே அரசாங்கம் இறங்கி வந்துவிட்டது. 1982 நவம்பரில் எஸ்4சி என்ற அந்தச் சேனல் தொடங்கியது. மொழிக்காக உண்ணாவிரதம் என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை.

அந்த எஸ்4சி 2018-ல் முதல் தடவையாக ஜூனியர் யூரோவிஷனுக்கு வேல்ஸ் சார்பில் ஒரு பெண்ணை அனுப்பியது. போட்டி பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில், நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. பாட்டின் பெயர் 'பெர்ட்டா'. அழகானவள் என்பதை ஒட்டிய சொல். வெல்ஷில் இடத்துக்குத் தகுந்தபடி சொல்லின் முதல் எழுத்தே மாறும், நம் புணர்ச்சி மாதிரி. இந்தச் சொல்லும் ஒரு இடத்தில் 'பல்' என்பதில் வருகிற ஒலியில் தொடங்கும், இன்னொரு இடத்தில் 'பஸ்' என்பதில் வருகிற ஒலியில் தொடங்கும். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'ப'. அவர்கள் இலக்கணம் போட்டுத் தவிக்கிற இடத்தில் நாம் ஒரே எழுத்தில் தப்பித்துக்கொள்கிறோம்!

அந்த வருடம் 20 நாடுகள். வேல்ஸுக்கு 20-வது இடம்.

அடுத்த வாரம் வீடியோவில் பேத்தியைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளியில் எல்லாரும் அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி, எனக்கும் பல்லவியைப் பாடிக் காட்டினாள். எத்தனையாவது இடம் என்று நான் கேட்டபிறகுதான் அவளுக்கு அந்த விஷயமே ஞாபகம் வந்தது. "லாஸ்ட், தாத்தா" என்று சொல்லிவிட்டு மறுபடி பாட ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கே எனக்கு ஒரு பாடமும் நடத்தினாள். வேல்ஸுக்கான பாட்டைத் தேர்ந்தெடுத்த ஊரின் பெயர் லான்டிட்னோ. முதலில் வருகிற 'ல' நம் 'ல' இல்லையாம். நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் இரண்டு பக்கமும் காற்றை மட்டும் ஊத வேண்டும். நான் ஊதினேன். பல் செட்டு தளர்ந்ததுதான் மிச்சம். பதிலுக்கு நான் 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னேன். அவள் முதல் தடவையே சரியாகச் சொல்லிவிட்டாள்.

வேல்ஸ் அடுத்த வருடமும் வந்தது. 19 நாடுகளில் 18-வது இடம். 2020-ல் கொரோனா வந்தது. விலகியவர்கள் அப்புறம் வரவில்லை. அதனால் சொந்த மொழியில் பாடினால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் உங்களுக்குக் கதை அளக்க மாட்டேன். 2018-ல் ஜெயித்த போலந்துப் பாட்டுக்குத் தலைப்பே இங்கிலீஷ்தான். பல நாடுகள் சரணத்தைச் சொந்த மொழியில் வைத்துக்கொண்டு, அனுமதித்த 40 சதவீதத்துக்குள் பல்லவியில் இங்கிலீஷைத் தூவிவிடுகிறார்கள், சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி. ஓட்டு விழ வேண்டுமே. இன்னொரு பக்கம், பிரான்ஸ் 2020, 2022, 2023 என்று நான்கு வருடத்தில் மூன்று தடவை பிரெஞ்சுப் பாட்டில் ஜெயித்திருக்கிறது. மொழி மட்டும் யாரையும் தூக்கிவிடுவதும் இல்லை, கவிழ்ப்பதும் இல்லை. பிள்ளைக் குரலைக் கவிழ்ப்பது வேறு ஒன்று. அதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். எந்த ஊர் என்று வேண்டாம். முக்கால்வாசிப் பிள்ளைகள் கரோக்கி போட்டுக்கொண்டு சினிமாப் பாட்டு பாடினார்கள். கரோக்கி என்பது அந்தப் பின்னணிப் பாடகரின் சுருதிக்குச் செய்தது. பத்து வயசுப் பெண், பச்சைப் பாவாடை, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு ஆம்பிளைப் பாட்டைப் பாடியது. கீழ் ஸ்தாயியில் குரல் எழும்பவே இல்லை. வெறும் காற்று. மேலே போகும்போது மட்டும் குரல் கிடைத்தது. பல்லவியில் பாதி காற்று, பாதி பாட்டு. ஆறுதல் பரிசுகூட இல்லை. இறங்கும்போது அந்தப் பிள்ளை தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அது தொண்டைக் கோளாறு இல்லை. சுருதி மாற்றித் தரத் தெரியாத பெரியவர்களின் கோளாறு. நடுவர் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நானும் அதில் சேர்த்தி.

உங்கள் மகளின் பாட்டில் அந்தத் தொல்லை இல்லை. கரோக்கி இல்லாத பாட்டு, சுருதியை அவளே வைத்துக்கொள்ளலாம். செல்போனில் சுருதிப் பெட்டி ஆப் இருக்கும். ஐந்து கட்டையில் வைத்துப் பாடச் சொல்லுங்கள். பாட்டின் அடி வரி அமுங்கினால் ஐந்தரைக்கு ஏற்றுங்கள். உச்சியில் கழுத்து நரம்பு தெரிந்தால் நாலரைக்கு இறக்குங்கள். ஒரு வாரம் அதே கட்டையில் பழகட்டும், தினம் ஒன்றாக மாற்ற வேண்டாம்.

அப்புறம் ஒரு வேலை. அப்பாயியை உட்கார்த்திவைத்துப் பாடச் சொல்லாதீர்கள். நாற்றைக் கையில் கொடுத்து, குனிந்து நடுவது மாதிரி செய்துகொண்டே பாடச் சொல்லுங்கள். குறுவை நடவு நேரமாக இருந்தால் மகளை வயலுக்கே அழைத்துப்போங்கள். நடவுப் பாட்டில் மூச்சு எடுக்கும் இடம் தாளத்தில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. நாற்றை நாலு விரலால் பிரித்து, சேற்றில் ஊன்றி, ஒரு எட்டு பின்னால் வைக்கும்போதுதான் மூச்சு. நாற்காலியில் உட்கார்ந்து பாடினால் அந்த இடம் தவறிப்போகும். பிள்ளை கண்ட இடத்தில் மூச்சு வாங்கும். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதுதான் அந்தப் பாட்டின் கட்டு. போட்டி விதி அனுமதித்தால் கூட நாலு தோழிகளை நிறுத்துங்கள். கடைசியில் குலவையும் போடட்டும். குலவைக்கு மார்க் உண்டா என்று டீச்சர் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அதற்கும் மேல் டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சண்டை போடாதீர்கள். பள்ளியில் ஆண்டு விழா என்று ஒன்று வரும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவே யூரோவிஷனில் பாடுகிறதாமே, இந்தியா ஏன் பாடக் கூடாது?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: நாடு நாடு என்று பேசினாலும் உண்மையில் போட்டியில் கலந்துகொள்வது தொலைக்காட்சி நிலையங்கள்தான். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் என்ற அமைப்பில் உறுப்பினராக இருக்கும் நிலையங்கள் அனுப்புகின்றன. அதனால்தான் தனி நாடாக இல்லாத வேல்ஸ், எஸ்4சி பெயரில் வர முடிந்தது. வெளியிலிருந்து அழைப்பின் பேரில் ஆஸ்திரேலியா 2015-ல் பிள்ளைகள் போட்டிக்கு வந்தது, கஜகஸ்தான் 2018-ல் வந்தது. நமக்கும் ஒரு நாள் அழைப்பு வரலாம். ஆனால் சொந்த நாட்டு மொழி என்றதும் எந்த மொழி என்று ஒரு கேள்வி எழும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழி இருக்கிறது. அந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் தேர்ந்தெடுத்த பிள்ளைக்குக் கல்யாண வயது வந்துவிடும்.

கேள்வி: தாத்தா, யூடியூபில் மூணு பேர் வண்டு மாதிரி டிரஸ் போட்டுக்கிட்டு 'பிஸ்ஸ்' என்று பாடுகிறார்கள். அது என்ன பாஷை?
– ஐந்தாம் வகுப்பு மாணவன், மன்னார்குடி

பதில்: எந்தப் பாஷையும் இல்லை தம்பி. அவர்களாகவே இட்டுக்கட்டிய பாஷை. ஜார்ஜியா நாட்டுப் பிள்ளைகள், சைப்ரஸ் தீவின் லிமசோல் ஊரில் 2008-ல் பாடியது. கறுப்பும் மஞ்சளுமாக உடுத்திக்கொண்டு வந்து முதல் பரிசையும் தூக்கிப் போய்விட்டார்கள். ஜார்ஜியா இந்தப் போட்டிக்கு வந்தது அது இரண்டாவது வருடம்தான். அப்புறம் 2011, 2016, 2024 என்று மூன்று தடவை ஜெயித்தது. அந்த நாட்டின் ஜனத்தொகை 40 லட்சத்துக்கும் குறைவு. நம் பழைய தஞ்சாவூர் ஜில்லாவைத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று சேர்த்துக் கூட்டினால் 2011 கணக்கிலேயே 50 லட்சத்தைத் தாண்டும். கூட்டிப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அர்த்தமில்லாத சொல்லில் பாடுவது நமக்கும் புதிது இல்லை. தில்லானாவில் வரும் 'தீம் தனன'வுக்கு அகராதியில் என்ன பொருள்? கொன்னக்கோல் சொல்பவர் 'தகதிமி' என்று அரை மணி நேரம் வெளுத்து வாங்குவாரே, அதில் என்ன செய்தி இருக்கிறது? நீயும் நாலு சொல் இட்டுக்கட்டிப் பாடிப் பார். பாட்டி அதட்டினால் ஜார்ஜியா என்று சொல்லிவிடு.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. போன வருடம் வரை பாட்டில் முதல் பரிசு. இப்போது மேலே பாடினால் குரல் கீச்சென்று உடைகிறது. இரண்டு வாரத்தில் போட்டி. பனங்கற்கண்டும் மிளகும் கொடுத்துப் பார்த்துவிட்டோம்.
– ஒரு தந்தை, திருத்துறைப்பூண்டி

பதில்: பனங்கற்கண்டு பாவம், அது என்ன செய்யும்? இது மகரக்கட்டு. குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் பிடிக்கும். அந்தக் காலத்து பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் பையன்கள் புலிக்குப் பயந்ததைவிட இதற்குப் பயந்தார்கள். கட்டு உடைந்தால் பாட்டு வேஷம் போய்விடும், அப்புறம் திரை இழுக்கத்தான் வேண்டும்.

ஜூனியர் யூரோவிஷனில் இப்போது வயது வரம்பு 9 முதல் 14 வரை. மகரக்கட்டு உடைகிற வயதும் அதற்குள்தான் வருகிறது. அங்கேயும் எத்தனை அப்பாக்கள் மிளகும் தேனும் தேடி அலைகிறார்களோ! (மூன்று வயதில் 'தோடுடைய செவியன்' பாடிய நம் சீர்காழிப் பிள்ளைக்கு அந்த மேடையில் இடம் கிடைத்திருக்காது.)

இரண்டு வாரத்தில் போட்டி என்றால், கலந்துகொள்ளட்டும். ஆனால் பழைய பாட்டு வேண்டாம், பழைய கட்டையும் வேண்டாம். மத்திய ஸ்தாயிக்குள்ளேயே சுற்றிவருகிற ஒரு சின்னப் பாட்டை எடுத்து, மூன்று கட்டை அல்லது அதற்கும் கீழே, எங்கே உடையாமல் நிற்கிறதோ அங்கே வையுங்கள். கத்திச் சாதகம் செய்யவே கூடாது. தினம் இருபது நிமிஷம் போதும். வலி இருந்தாலோ, குரல் கம்மல் வாரக்கணக்கில் நீடித்தாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எனக்கு எட்டாவது படிக்கும்போது, காலைப் பிரார்த்தனையில் நட்டநடு வரியில் உடைந்தது. முன்னூறு பையன்கள் சிரித்தார்கள். என் வாத்தியார் திட்டவில்லை. "நாளையிலிருந்து நீ சுருதி போடு" என்று துருத்திச் சுருதிப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டார். ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் பெட்டியை அமுக்கிக்கொண்டு மற்றவர்கள் பாடுவதைக் கேட்டேன். யார் எங்கே சுருதி விலகுகிறார்கள் என்று அந்த ஒரு வருஷத்தில்தான் என் காதுக்குத் தெரிய ஆரம்பித்தது.

கேள்வி: பச்சைப் பிள்ளைகளைப் போட்டியில் நிறுத்தி மார்க் போடுவது பாவம் இல்லையா? நீங்கள் போட்டியில் ஜெயித்திருக்கிறீர்களா?
– ஒரு பாட்டி, பாபநாசம்

பதில்: இந்தக் கேள்வி ஜூனியர் யூரோவிஷன் நடத்துகிறவர்களுக்கும் வந்தது. 2005-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லா நாட்டுக்கும் தொடக்கத்திலேயே 12 மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு அதற்கு மேல் எண்ணினார்கள். யாரும் பூஜ்யத்தோடு வீட்டுக்குப் போக வேண்டாம். பொங்கல் விளையாட்டில் ஓடி முடித்த எல்லாப் பிள்ளைக்கும் சோப்பு டப்பா கொடுக்கிறோமே, அந்த ஏற்பாடுதான். அப்படியும் டென்மார்க்கும் நார்வேயும் 2006-ல் விலகிக்கொண்டன. பிள்ளைகளைப் பெரியவர்கள் மாதிரி நெருக்குகிறார்கள் என்பது அவர்கள் மனக்குறை. இந்தப் போட்டிக்கு வித்திட்டதே டென்மார்க் தொலைக்காட்சி நடத்திய பிள்ளைகள் பாட்டுப் போட்டிதான். விதை போட்டவனே வேலியைத் தாண்டிப் போய்விட்டான். எனக்கென்னவோ மார்க் போடுவதில் பாவம் தெரியவில்லை. மார்க் வாசித்து முடித்த பிறகு வீடு போய்ச் சேரும்வரை அப்பா அம்மா வண்டியில் என்ன பேசிக்கொண்டு வருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் ஜெயித்ததா? ஆறாவது படிக்கும்போது கும்பகோணத்தில் ஒரு போட்டி, மூன்றாம் பரிசு. எவர்சில்வர் டபரா. அதில் என் பெயரை வெட்டி, மூன்றாம் பரிசு என்பதையும் வெட்டிக்கொண்டு வந்தார் அப்பா. இருபது வருஷம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதில்தான் காப்பி. மொத்தம் பாடியதே மூன்று பேர் என்பதை எந்த விருந்தாளியிடமும் அம்மா சொன்னதில்லை.